பூசிய கறுப்புக்கு மட்டும்தான் வேலையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடும் வீடு எங்களுடையது. எங்கள் தெருவில் தறிச் சத்தத்தோடு சீரியல் சத்தமும் சேர்ந்தே கேட்கும். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

என் அண்ணன் மகள் கல்லூரி நாடகங்களில் பரிசு வாங்கியவள். போன வருஷம் ஒரு தொடருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சென்னைக்குப் போனாள். வசனம் பேசச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நல்லா பண்றேம்மா, கலர்தான் கம்மி. வேலைக்காரி ரோல் வந்தா கூப்பிடறோம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

கறுப்புப் பெண் படும் பாட்டைக் கதையாக்கி வருஷக்கணக்கில் ஓட்டுபவர்களும் இதே துறையினர்தான். 2019-இல் விஜய் டிவியில் தொடங்கிய 'பாரதி கண்ணம்மா', நிறத்துக்காக அவமானப்படும் பெண்ணின் கதை. அதன் நாயகியை மேக்கப் போட்டுத்தான் கறுப்பாக்கினார்கள். அதே ஆண்டு வந்த 'ஐரா' படத்தில் பவானி என்ற பெண்ணின் இளவயதுப் பாத்திரத்தில் கேப்ரியல்லா செல்லஸ் சொந்த நிறத்தோடு நடித்தார். பவானி வளர்ந்ததும் அது நயன்தாராவின் வேடம். நிறம் மேக்கப் பெட்டியிலிருந்து வந்தது.

"ஜனங்கள் பார்க்க மாட்டார்கள்" என்று பழியை எங்கள் மேல் போடுவார்கள். 2021-இல் சன் டிவி 'சுந்தரி' தொடரில் அதே கேப்ரியல்லாவை நாயகியாக்கியது. கலெக்டராகத் துடிக்கும் கிராமத்துப் பெண்ணின் கதை. மூன்று வருஷத்துக்கு மேல் ஓடியது. எங்கள் தெருவில் அந்த நேரத்துக்குச் சேனலை மாற்றியவர் யாருமில்லை. ஆனால் அவருக்குக் கிடைத்ததும் 'கறுப்புப் பெண்' வேடம்தான். கதையில் நிறம் ஒரு பிரச்சினையாக இல்லாதபோது, டாக்டராகவோ வக்கீலாகவோ வர ஒரு கறுப்புப் பெண்ணைக் கூப்பிடுவார்களா?

வெளிமாநிலத்திலிருந்து வந்து நடிக்கும் பெண்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களும் பிழைக்க வந்தவர்கள். அவர்களுக்கு முகம் மட்டும்தான் வேலை. குரல் கொடுப்பது திரைக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு பெண். எங்கள் ஊர்ப் புடவை விளம்பரமும் இப்படித்தான். நெய்தவள் நிறத்தில் ஒரு முகத்தை அதில் நான் இதுவரை பார்த்ததில்லை.

கூலியிலும் இதே கதை. கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். உடலை நெய்பவர் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளுபவர் ஒருவர். இந்த இரண்டாமவர் பெரும்பாலும் மனைவியோ பிள்ளையோதான். புடவைக் கூலி தறிக்காரர் கையில் போய்விடும். பெண்ணின் உழைப்புக்கு உரிய கூலி இல்லை என்பது உலகப் பெயர் பெற்ற பிபிசியிலும் நடந்தது. 'நியூஸ்வாட்ச்' என்ற நிகழ்ச்சியை நடத்திய சமீரா அகமதுக்கு ஒரு பகுதிக்கு 440 பவுண்டு. அதே வகை நிகழ்ச்சி நடத்திய ஆணுக்கு 3,000 பவுண்டு. வழக்குப் போட்டு, 2020 ஜனவரியில் லண்டன் தொழிலாளர் தீர்ப்பாயத்தில் ஜெயித்தார். அங்கே அவர் கேட்டார். இங்கே சீரியல் நடிகை கேட்டால் மறுநாள் கதையில் அவள் பாத்திரத்துக்கு விபத்து நடந்துவிடும்.

தோல் கறுப்பாக இருப்பவரைத் தாழ்த்திக் காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2014-இலேயே விதி வகுத்தது. விளம்பரத்துக்கு உள்ள அந்த வரம்பு, நடிகர் தேர்வுக்கும் வேண்டாமா? சேனல்களைக் கேட்பது மூன்றுதான்: கறுப்புப் பாத்திரத்துக்கு மேக்கப்பைத் தேடாமல் கறுப்புப் பெண்ணைத் தேடுங்கள், மற்ற பாத்திரங்களுக்கும் அவளைக் கூப்பிடுங்கள், ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் கொடுங்கள்.

சாயத்தைப் பற்றி எங்களுக்குக் கொஞ்சம் தெரியும். பட்டில் ஏற்றினால் தலைமுறைக்கு நிற்கும். நீங்கள் முகத்தில் பூசுவது 'பேக்கப்' சொன்னதும் சோப்பில் போய்விடுகிறது. இந்த வித்தியாசம் பார்க்கிற எங்களுக்குத் தெரியாது என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
நெசவாளர் வீட்டு வாசகி,
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.