ஒப்பாரி என்ன வசவா?

வலங்கைமான் மாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழா பார்த்திருக்கிறீர்களா? நோயிலிருந்து பிழைத்தவரைப் பாடையில் படுக்கவைத்து, பிணம் மாதிரியே தூக்கி வருவார்கள். பாடைக்காவடி! பாடைக்கே அங்கு மரியாதை. பாடையைச் சுற்றிப் பிறந்த பாட்டுக்கு மட்டும் ஏன் சார் இளப்பம்? எதிர்க்கட்சி ஏதாவது கேட்டால், உடனே ‘ஒப்பாரி வைக்கிறார்கள்’ என்கிறோம்.

ஒப்பாரியில் எனக்கும் பிடிக்காதது உண்டு. புருஷன் போனால் பூவும் பொட்டும் போச்சு என்று பெண்ணே தன்னைக் குறைத்துக்கொள்வது சகிக்கவில்லை. பண்ணையார் வீட்டுச் சாவுக்குப் பண்ணையாள் வீட்டுப் பெண்கள் மாரடிக்க வேண்டும் என்றிருந்த வழக்கம் அதைவிட அசிங்கம். ஆனால், சீர் செய்யாத அண்ணனையும் வதைத்த மாமியாரையும் ஊர் நடுவே அவள் கேள்வி கேட்க முடிந்தது அந்தப் பாட்டில்தானே?

தகப்பனை இழந்த பாரி மகளிர் பாடியது புறநானூற்றில் 112-வது பாட்டு. அதற்குக் ‘கையறுநிலை’ என்று கௌரவமான பெயர். பக்கத்துத் தெருப் பாட்டி பாடினால் மட்டும் வசவா?