அடங்காத பசி

மயிலாப்பூர் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். நாலு வயதுப் பெண். எடை 38 கிலோ. சாப்பிட்டு அரை மணியில் "பசிக்கிறதும்மா" என்கிறாளாம். அலமாரியைப் பூட்டினால் அதன் அடியிலேயே உட்கார்ந்து அழுகிறாளாம். "கண்டதையும் கொடுத்து நீதான் கெடுத்துட்டே என்று மாமியாரும் நாத்தனாரும் பேசுகிறார்கள். நான் என்ன செய்யட்டும்?"

தீனி தின்றே ஊதிப்போகிற குழந்தைகள் உண்டுதான். பாண்டி பஜாரில் மாலை வேளையில் பார்க்கிறோமே! அவர்களே அதிகம். ஆனால் ஐந்து வயதுக்குள்ளேயே எடை ஏறி, பசியும் அடங்காவிட்டால் விஷயம் வேறாக இருக்கலாம்.

நம் உடம்புக் கொழுப்பே 'போதும்' என்று மூளைக்குச் சேதி அனுப்புகிறது. அந்தச் சேதிதான் லெப்டின், 1994-ல் கண்டுபிடித்தார்கள். மூளையின் அடியில் ஹைபோதலாமஸ் என்ற சின்னஞ்சிறு பகுதி அதை வாங்கிக்கொள்கிறது. மரபணுப் பிழையால் லெப்டினே சுரக்காவிட்டால்? வயிறு நிறைந்திருந்தாலும் மூளை பட்டினி என்றே நினைக்கும். 1997-ல் கேம்பிரிட்ஜ் டாக்டர்கள் இப்படி இரண்டு குழந்தைகளைக் கண்டார்கள். சொந்தத்தில் மணந்த பாகிஸ்தானியக் குடும்பம். எட்டு வயதுப் பெண் 86 கிலோ! பிறகு தினமும் லெப்டின் ஊசி போட்டார்கள். ஒரே வருஷத்தில் 16 கிலோ இறங்கியது. அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டிக்கொள்கிற நாம் இதைக் கவனிக்க வேண்டாமா?

லெப்டின் சுரந்தும் மூளைக்குள் சேதி அறுந்துபோகிறவர்கள் உண்டு. அவர்களில் சில வகையினருக்கு மட்டும் செட்மெலனோடைட் என்ற ஊசியை 2020-ல் அமெரிக்கா அனுமதித்தது. மூளையில் பசியை அடக்கும் இடத்தையே அது தட்டி எழுப்புகிறது. விலை எக்கச்சக்கம். மேனியும் கறுக்கும். (அதற்கும் உறவில் யாராவது ஏதாவது சொல்வார்கள்!) சாதாரணக் குண்டுக்கு இது மருந்தில்லை, யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

பிறந்தபோது துவண்டு, பால் குடிக்கவே தெம்பில்லாமல் இருந்த குழந்தைக்குப் பிறகு பெரும்பசி வந்தால், அது பிராடர்-வில்லி என்ற கோளாறாக இருக்கலாம். அந்தப் பசிக்கு 2025-ல்தான் அமெரிக்காவில் ஒரு மாத்திரை அனுமதியானது. அங்கே அலமாரியைப் பூட்டுவதும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான். அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

சகோதரி, முதலில் குழந்தைகளுக்கான ஹார்மோன் டாக்டரிடம் காட்டுங்கள். அவசியமானால் மரபணுவுக்கு ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார். பிறந்த எடை, தடுப்பூசி அட்டையில் குறித்த எடைகள், நீங்கள் சொந்தத்தில் மணந்தவர்களா என்ற விவரம் எல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். மாமியாரையும் கூட்டிப் போங்கள். டாக்டர் சொல்வதை அவரும் காதால் கேட்கட்டும்.