'இலங்கையர்' எண்டு எழுதிவிட்டால் முடிஞ்சுதா?

பெயர், பிறந்த திகதி எல்லாம் எழுதி முடிந்த கையோடு, எங்கட நாட்டுப் படிவங்கள் பலவற்றில் 'இனம்' என்றொரு கட்டம் வந்து நிற்கும். பிறப்புச் சான்றிதழிலேயே தகப்பனுக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று என்று பதிந்துதான் எங்களை வளர விட்டிருக்கிறார்கள். 2022 காலிமுகத்திடல் போராட்டத்துக்குப் பிறகு எங்கட வயதுப் பிள்ளைகளிடம் இதற்கு ஒரு பதில் பிரபலமாகிவிட்டது. "இலங்கையர் எண்டு எழுதிப்போட்டுப் போவம். வெள்ளைக்காரன் பிரிச்சு வச்சதை நாங்கள் ஏன் காவிக்கொண்டு திரியவேணும்?"

கேட்க நல்லாத்தான் இருக்கு. அரைவாசி உண்மையும் கூட. ஆனால் மற்ற அரைவாசியைப் பற்றி எங்கட கம்பஸ் கன்டீனில்கூட ஆரும் கதைப்பதில்லை.

வெள்ளைக்காரன் பிரித்தது உண்மைதான். 1833இல் சட்டநிரூபண சபையை உருவாக்கியபோது உள்ளூர் ஆட்களை இனவாரியாகத்தான் நியமித்தான். அதற்குப் பிறகு இனம் என்பது ஆசனம். ஆசனம் என்றால் அதிகாரம். 1880களில் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர்கள் இனத்தால் தமிழர்களே என்று வாதிட்டார். 1889இல் முஸ்லிம்களுக்கெனத் தனி ஆசனம் வந்தது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் இராமநாதனுக்கு மறுப்பு எழுதினார். ஒரு சமூகத்திடம் "நீ ஆர்?" என்று கேட்காமல் "நீ இதுதான்" என்று சொல்லும் பழக்கம் வெள்ளைக்காரனோடு மட்டும் நிற்கவில்லை பாருங்கோ.

1911 குடிசன மதிப்பீட்டில் தமிழர்களை 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என்று இரண்டாக எண்ணினார்கள். சிங்களவர்களுக்குள்ளும் அப்படியொரு கோடு இருந்தது: கரையோரச் சிங்களவர், கண்டிச் சிங்களவர். 1971 வரை அவர்களைத் தனித்தனியாகத்தான் எண்ணினார்கள். 1981 கணக்கெடுப்பில் அந்தக் கோட்டைக் காணவில்லை, எல்லாரும் சிங்களவர். தமிழருக்குள் போட்ட கோடு மட்டும் அப்படியே இருந்தது. இரண்டும் ஒரே ஆட்சி போட்ட கோடுகள். ஒன்றை அழிக்க முடிந்த சுதந்திர நாட்டுக்கு மற்றது ஏன் தேவைப்பட்டது?

ஏனென்றால் அந்தக் கோட்டில்தான் பிரஜாவுரிமையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் வந்த 18ஆம் இலக்கச் சட்டம், தோட்டங்களில் வேலை செய்த பெரும்பான்மையான மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு போட்டது. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்து, பத்து வருசம் கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். பங்கு போடப்பட்டவர்களில் பலர் இங்கேயே பிறந்தவர்கள். 1946இல் சனத்தொகையில் 11.7 சதவீதமாக, இலங்கைத் தமிழரைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்த ஒரு சமூகம் 1981இல் 5.5 சதவீதம். நாடற்றிருந்தவர்களின் பிரச்சினையை முடிக்க 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. இதையெல்லாம் செய்தது எந்த வெள்ளைக்காரன்?

எங்கட பக்கமும் சுத்தமில்லை. பிரஜாவுரிமைச் சட்டம் வந்த 1948லேயே ஜீ.ஜீ. பொன்னம்பலம் அந்த அரசாங்கத்தில் அமைச்சரானார். அதை ஏற்காமல் பிரிந்துபோன செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லும் எங்கட ஊர்களில்தான் 'தோட்டக்காட்டான்' என்ற சொல் இன்னும் உயிரோடு இருக்கு. கலவரங்களுக்குத் தப்பி வன்னிக்கு வந்து இரண்டு, மூன்று தலைமுறையாகக் காடு வெட்டி, கமம் செய்தவர்களைக் கலியாணம் பேசும்போது மட்டும் திரும்ப 'இந்தியாக்காரர்' ஆக்குவோம். தமிழ்த் தேசியம் என்று வாய் கிழியக் கத்துகிற எங்கட ஆட்கள் இந்த இடத்தில் கொஞ்சம் இருமுவார்கள்.

அந்த மக்கள் தங்களை மலையகத் தமிழர் என்கிறார்கள். வந்து 200 ஆண்டு என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தபோதும் அந்தப் பெயரோடுதான் நடந்தார்கள். இது சபை கொடுத்த பெயருமில்லை, இராமநாதன் மாதிரி ஒருவர் சூட்டியதுமில்லை. 'இலங்கையர் எண்டு எழுது' என்பவர்களிடம் எங்களுக்கு வரும் முதல் கோபம் இதுதான். ஒரு சமூகம் இவ்வளவு காலம் மல்லுக்கட்டித் தனக்கென்று ஒரு பெயரை எடுத்துக்கொண்டு வருகிறபோது, "பெயரே வேண்டாம், எல்லாரும் ஒண்டுதான்" என்று கதவைச் சாத்துவது என்ன நியாயம்?

இரண்டாவது கோபம், அந்த 'ஒண்டு' எந்த மொழியில் இருக்கு என்பது. அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியில் தேசிய கீதம் தமிழில்தான் அச்சிடப்பட்டிருக்கு. 2016 சுதந்திர தினத்தில் அதைப் பாடினார்கள், 2020இல் விட்டுவிட்டார்கள். ஆட்சி மாறினால் பாட்டும் மாறும். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனாலும் தெற்கில் ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போய்த் தமிழில் முறைப்பாடு எழுதிப் பாருங்கோ. "இங்கே எல்லாரும் இலங்கையர்தானே" என்று சிங்களத்தில் பதில் வரும்.

இலங்கையர் என்ற சொல்லில் எங்களுக்கு விருப்பமில்லாமல் இல்லை. வெளிநாட்டில் கிரிக்கெட் மெட்ச் நடந்தால் நாங்களும் விடியவிடிய முழிச்சிருக்கிறவர்கள்தான். ஆனால் எங்களைக் கேட்டால் படிவத்தில் இப்போதைக்குச் செய்யக்கூடியது ஒன்று இருக்கு. அந்த இடத்தில் கட்டங்களை எடுத்துவிட்டு ஒரு வெற்றுக் கோடு போடட்டும். மலையகத் தமிழர், சோனகர், பறங்கியர், மலாயர், வேடர், இலங்கையர், இரண்டு பெயர் உள்ளவர்கள் இரண்டும். எழுத விருப்பமில்லாதவர்கள் விட்டுவிட்டுப் போகலாம். படிவமும் மூன்று மொழியிலும் இருக்கவேணும்.