வாளி கொண்டு எண்ணூரைக் கழுவ முடியுமா?

2017 ஜனவரி 28ந் தேதி எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கரும் எண்ணெய் கரையேறியது. மீனவர்களும் மாணவர்களும் கூலித் தொழிலாளர்களும் வாளியால் மொண்டு மொண்டு கொட்டினார்கள். உலகமே அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தது.

ஆறு வருஷங்கள் ஓடின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் கிளம்பி, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. மிதவைத் தடுப்புகளும் உறிஞ்சும் இயந்திரங்களும் வந்து சேர்வதற்குள் நாட்கள் கடந்துவிட்டன. அதுவரை? மறுபடியும் வாளி! மறுபடியும் மீனவனின் வெறுங்கை! காட்டுக்குப்பத்திலும் சிவன்படைக்குப்பத்திலும் வீட்டுச் சுவரிலெல்லாம் கறுப்புக் கோடு. வலையும் படகும் பாழ்.

சரி, மிதந்த எண்ணெயை அள்ளியாகிவிட்டது. வேலை முடிந்ததா? முடிந்தது என்று சொல்கிறவர்கள் கழிமுகம் இன்னதென்று அறியாதவர்கள். அல்லது அறிந்தும் அறியாதவர் போல் நடிப்பவர்கள். இடுப்பளவு, முழங்காலளவு தண்ணீர் உள்ள இடம் அது. அங்கே எண்ணெய் வண்டலோடு ஒட்டிக் கனத்து அடியில் இறங்கிவிடும். அலையாத்தி மரத்தின் வேர்களைப் பிசின் போல் பற்றிக்கொள்ளும். சேற்றுக்குள்ளே காற்று புகாது. காற்றில்லாத இடத்தில் எண்ணெயைத் தின்று அழிக்கும் நுண்ணுயிர்களின் வேலையும் மந்தமாகும். ஆகவே வருஷக்கணக்கில் அது அங்கேயே கிடக்கும். அடுத்த வெள்ளம் கலக்கினால் மேலே வரும். கழியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் மக்கள் அந்தச் சேற்றுக்குள்தான் கை விடுகிறார்கள்.

எண்ணெய் மட்டும்தானா? வட சென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழம்புக் குழாய்கள் பல காலமாக உடைந்து உடைந்து, கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்திருக்கிறது. ஆழமிருந்த இடம் மேடாயிற்று. படகு தரை தட்டுகிறது. சாம்பலுக்கு மேல் எண்ணெய், எண்ணெய்க்கு மேல் வண்டல், படலம் படலமாக! இதை வாளியாலா எடுப்பது?

இங்கே ஒரு விஷயத்தை ஒளிவு மறைவின்றிப் பேச வேண்டும். மணலி எண்ணெய் ஆலை மத்திய சர்க்காரின் பொதுத்துறைக் கம்பெனி. மின்நிலையம் மாநிலத்துப் பொதுத்துறை. பொதுத்துறையைக் காக்கப் போராடும் நாம் இதற்கு வாய் மூடிக் கிடக்கலாமா? கூடாது. ஜனங்களின் சொத்து என்றால் ஜனங்களுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியதும் அதுவே. எண்ணெய் ஆலை என்ன செய்தது? தன் குழாயில் கசிவே இல்லை என்று கைவிரித்தது. ஆலைக்குள் மழைநீரை நிர்வகிக்கும் ஏற்பாடு சரியில்லாததே காரணம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்ட பிறகும் நழுவல் பேச்சுத்தான். தனியார் முதலாளி பேசும் அதே பேச்சு!

அந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஜப்பானில் உள்ள மினமாட்டா விரிகுடா காட்டியிருக்கிறது. சிஸ்ஸோ கம்பெனியின் ஆலை 1932 முதல் 1968 வரை பாதரசக் கழிவை அங்கே கொட்டியது. 1956ல் நோய் அதிகாரபூர்வமாகத் தெரியவந்தது. 1959ல் கம்பெனியின் வைத்தியரே கழிவைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். பூனைக்கு அதே நோய் கண்டது. கம்பெனி அதை மூடி மறைத்தது. அதே வருஷக் கடைசியில் ஆடம்பரமாக ஒரு சுத்திகரிப்பு இயந்திரத்தை நிறுவி விழாக் கொண்டாடியது. பாதரசத்தை நீக்கும் இயந்திரமே அல்ல அது! சுத்தம் செய்வதாகக் காட்டிக்கொள்வது ஒன்று. சுத்தம் செய்வது வேறு.

உண்மையான சுத்தம் 1977ல்தான் தொடங்கி 1990ல் முடிந்தது. பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் பாதரசம் கலந்த சேறு முழுவதையும் குறியாக வைத்தார்கள். சுமார் 15 லட்சம் கன மீட்டர் சேறு. தண்ணீர் கலங்காதபடி அதை உறிஞ்சி எடுத்து, இரும்புப் பலகைச் சுவருக்குப் பின்னால் அடைத்து, மேலே நல்ல மண் போட்டு மூடினார்கள். 58 ஹெக்டேர் புது நிலம் உண்டாயிற்று. செலவு சுமார் 4,850 கோடி யென். அதில் பெரும்பகுதி கம்பெனியின் தலையிலேயே சுமத்தப்பட்டது. பாதரசம் அழிந்துவிடவில்லை, சுவருக்குப் பின்னால்தான் இருக்கிறது. அந்தச் சுவரை என்றென்றும் காவல் காக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

எண்ணூர் மினமாட்டா அல்ல. நஞ்சும் வேறு, அளவும் வேறு. ஆனால் வேலையின் வரிசை ஒன்றுதான். முதலில் ஊற்றை அடை: சாம்பல் குழாய் ஒழுகிக்கொண்டிருக்க, ஆற்றைத் தூர் வாருவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்புவதாகும். பிறகு அள. குழாய் செருகிச் சேற்றைப் படலம் படலமாக எடுத்து, எந்த ஆழத்தில் எது எவ்வளவு என்று கண்டறியாமல் மண்வாரி இயந்திரத்தை இறக்கினால், அடங்கிக் கிடக்கும் நஞ்சைக் கிளறி விடுவதாகத்தான் முடியும். செலவு அழுக்காக்கியவனுடையது, நிவாரணப் பணத்தோடு கணக்குத் தீராது. மீனவர்களை வேலைக்கு வைத்தால் கையுறையும் முழுக் காலணியும் வைத்திய வசதியும் நியாயக் கூலியும் கொடுத்து வை.

வாரிய சேறு எங்கே போகும் என்பதையும் இப்போதே சொல்லியாக வேண்டும். இன்னொரு குப்பத்தின் பள்ளத்துக்கோ, சதுப்பு நிலத்துக்கோ போவதானால் அதற்குப் பெயர் சுத்தம் அல்ல. சேற்றுப் பரிசோதனை முடிவுகளைத் தமிழில் எழுதி, ஒவ்வொரு குப்பத்திலும் பலகையில் ஒட்டட்டும். படித்துப் பார்த்து, வேலை முடிந்ததா இல்லையா என்று முகத்துவாரத்து மீனவர்கள் சொல்லட்டும்.