ஸ்தூல தேகமும் சர்க்கார் கடமையும்

2025-ம் வருஷம் பிப்ரவரி மாதம் பிரதம மந்திரி ஸ்ரீ நரேந்திர மோடி ரேடியோ மூலம் தேச ஜனங்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். ஸ்தூல தேகம் என்னும் வியாதி நாட்டில் பெருகி வருகிறதென்றும், ஒவ்வொருவரும் உணவில் சேர்க்கும் எண்ணெயில் 100-க்கு 10 பங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டுமென்றும் அவர் கூறினார். வேண்டுகோளில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் இவ்விஷயமாக மேடைகளிலும் வீடுகளிலும் நடக்கும் பேச்சு வேறு வழியில் செல்கிறது. பருத்தவன் சோம்பேறி, வாயைக் கட்டத் தெரியாதவன் என்பதே அப்பேச்சின் சாரம். இந்த அபிப்பிராயம் அநீதியானது என்பது மட்டுமல்ல. உண்மைக்கும் மாறானது என்று நாம் சொல்லுகிறோம்.

வயது வந்த ஒருவர் நாளொன்றுக்கு 2,200 கலோரி உண்பதாக வைத்துக்கொண்டால், வருஷத்துக்குச் சுமார் 8 லட்சம் கலோரி ஆகிறது. ஒரு கிலோ கொழுப்பில் அடங்கியிருப்பது ஏறத்தாழ 7,700 கலோரி. ஆகவே, வெறும் கணக்குப்படி பார்த்தால், 100-க்கு 1 பங்கு கூடுதலாக உண்டாலே வருஷத்துக்கு ஒரு கிலோ எடை ஏறிவிட வேண்டும். கல்யாண விருந்து, விரதம், ஜுரம், பிரயாணம் எல்லாம் நிறைந்த வாழ்க்கையில் இவ்வளவு நுட்பமாகக் கணக்கு வைத்து உண்பவர் யார்? ஒருவரும் இல்லை. அப்படியிருந்தும் பெரும்பாலோரின் எடை வருஷக்கணக்கில் அதிகம் மாறாமலே இருந்து வருகிறது. கணக்கு வைப்பது நாமல்ல, தேகமே வைத்துக்கொள்கிறது.

அக்கணக்கின் ரகசியம் 1994-ம் வருஷத்தில் ஓரளவு வெளிப்பட்டது. நியூயார்க்கிலுள்ள ராக்பெல்லர் சர்வகலாசாலையில் ஜெப்ரி பிரீட்மன் என்பவரும் அவருடைய சகாக்களும், பின்னர் 'லெப்டின்' என்று பெயரிடப்பட்ட ஹார்மோனுக்குரிய ஜீனைக் கண்டுபிடித்தனர். கொழுப்புத் திசுவே இந்த ஹார்மோனைச் சுரந்து, தன் கையிருப்பு எவ்வளவு என்பதை மூளைக்கு அறிவித்துக்கொண்டிருக்கிறது. கையிருப்பு குறைந்தால் செய்தியும் குறைகிறது. உடனே மூளை பசியைக் கிளப்பி விடுகிறது. தேகத்தின் செலவையும் சுருக்குகிறது.

இதன் வலிமையை அறிய விரும்புவோர், இரண்டாவது உலக யுத்த காலத்தில் அமெரிக்காவில் மினசோட்டா சர்வகலாசாலையில் நடந்த பரிசோதனையைக் கவனிக்க வேண்டும். யுத்தத்தில் ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடங்கொடாத 36 இளைஞர்கள், பட்டினியால் வாடும் ஜனங்களை மீட்கும் வழியை அறிவதற்காகத் தாங்களே முன்வந்து 1945-ல் 24 வாரம் அரைப் பட்டினி கிடந்தார்கள். அவர்கள் எடையில் சுமார் நாலில் ஒரு பங்கு குறைந்தது. நாடித் துடிப்பு தளர்ந்தது, கோடைகாலத்திலும் குளிர்ந்தது. கொள்கைக்காக எதையும் தாங்கத் துணிந்த அவ்வாலிபர்களுக்கு உணவைத் தவிர வேறு நினைவில்லாமற் போயிற்று. சிலர் சமையல் புஸ்தகங்களைச் சேகரிக்கலானார்கள். உணவு மறுபடி தாராளமாகக் கிடைத்தபோது, முன்னிருந்ததற்கும் மேலாகக் கொழுப்பு ஏறிற்று. இவர்களையா மனவுறுதியில்லாதவர்கள் என்பது?

பருத்தவர் இளைத்தாலும் கதை இதுவே. உணவைக் குறைத்து எடையிறங்கியவர்களை ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகர ஆராய்ச்சியாளர் பரிசோதித்து 2011-ல் முடிவை வெளியிட்டனர். ஒரு வருஷம் கழிந்த பின்னும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தேகம் எடை குறைவதைப் பலமாக எதிர்க்கிறது. கூடுவதையோ அவ்வளவு பலமாக எதிர்ப்பதில்லை. இழந்த எடையை மீட்டுக்கொள்ளும் தேகம், ஏறிய எடையைத் தானாக இறக்குவது அரிது.

'அப்படியானால் எல்லாம் தலைவிதிதானா?' என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை. தேசீய குடும்ப சுகாதார சர்வேயின்படி, தமிழ்நாட்டில் அளவுக்கு மீறிய எடையுள்ள ஸ்திரீகள் 2015-16-ல் 100-க்கு 30.9 பேர், 2019-21-ல் 40.4 பேர். இச்சொற்ப காலத்தில் தேகத்தின் அமைப்பு மாறிவிடவில்லை. 100-க்குப் 10 பேரின் மனவுறுதி திடீரென்று மறைந்துவிடவும் இல்லை. மாறியது சூழ்நிலை: வாழ்க்கை முறையும், தொழிற்சாலையிலிருந்து கடைக்கு வந்து குவியும் உணவும். அமெரிக்க தேசீய சுகாதார ஸ்தாபனத்தார் 2019-ல் வெளியிட்ட பரிசோதனை இதைத் தெளிவாக்குகிறது. 20 பேருக்கு இரண்டு வாரம் ஆலையில் பக்குவப்படுத்திய பண்டங்களும், இரண்டு வாரம் சாதாரண உணவும் வேண்டியமட்டும் உண்ணக் கொடுத்தார்கள். இரண்டிலும் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் ஒரே அளவில் வைக்கப்பட்டிருந்தன. ஆனாலும் ஆலைப் பண்டம் உண்ட நாட்களில் அவர்கள் தினம் சுமார் 500 கலோரி அதிகமாக உண்டார்கள். உள்ளிருக்கும் காவலாளியை ஏமாற்றும் உணவும் உண்டு என்பதே இதன் பொருள்.

2025-ல் எடையைக் குறைக்கும் புதிய ஊசி மருந்துகள் நம் நாட்டுக் கடைகளுக்கு வந்தன. அவை பலன் தருகின்றன. வியாதிப்பட்டவர்களுக்கு அவற்றை மறுப்பது தர்மமல்ல. ஆனால் இவ்வகை மருந்தொன்றை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருஷத்தில் திரும்பிவிட்டதாக 2022-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. வந்த சமயத்தில் மாதம் பதினாயிரம் ரூபாய்க்கு மேல் விலையாயிருந்த மருந்து, பிறகு எவ்வளவு மலிந்தாலும், ஒரு தேசத்தையே ஆயுள் முழுதும் ஊசியில் நிறுத்துவது ராஜ்ய நிர்வாகமாகாது.

ஏறவிடாமல் தடுப்பதே தக்க வழி. அதில் சர்க்கார் செய்தது என்ன? எண்ணெயைக் குறைக்கச் சொன்ன அதே 2025-ம் வருஷம் செப்டம்பரில், சர்க்கரைப் பானங்களுக்கு 100-க்கு 40 என்று வரி விதித்தார்கள், சரியே. ஆனால் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம் ஆகியவற்றின் வரியை 18-லிருந்து 5-ஆகக் குறைத்தார்கள். இடது கையால் கட்டியதை வலது கையால் அவிழ்ப்பதல்லவா இது? சிலி நாட்டில் 2016 முதல், சர்க்கரையும் கொழுப்பும் உப்பும் மிகுந்த பண்டங்களின் உறையில் கறுப்பு எச்சரிக்கை முத்திரை இருக்கிறது. நம் நாட்டிலோ 2022-ல் வெளியான நகல் திட்டம், பண்டங்களுக்கு நட்சத்திரம் வழங்கப் பார்த்தது. எச்சரிக்க வேண்டிய இடத்தில் நட்சத்திரம் எதற்கு?

குடும்பங்களிடம் 100-க்கு 10 பங்கு கேட்ட சர்க்கார், பண்டம் விற்போரிடமும் அதற்குச் சமமான தியாகத்தைக் கேட்க வேண்டும். உறையில் தெளிவான எச்சரிக்கை, குழந்தைகளை நோக்கிய விளம்பரத்துக்குத் தடை, பள்ளிக்கூட வாசலில் நல்ல உணவு ஆகிய மூன்றையும் நாம் வற்புறுத்துகிறோம். தேசத் தொண்டர்களும் பருத்தவரைப் பரிகசிப்பதை விட்டு, இம்மூன்றுக்கும் கிளர்ச்சி செய்வார்களாக. தேகம் தன் கடமையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. சர்க்காரும் தன் கடமையைச் செய்யட்டும்.