பழைய தூண்டிலா, புதிய வலையா?

மாசிச் சம்பல் இருந்தால் ஒரு பிடி சோறு கூடுதலாக இறங்கும். இதைக் காயல்பட்டினத்தாருக்கும் கீழக்கரையாருக்கும் நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இலங்கைத் தமிழரின் அடுக்களையிலும் மாசிக்குத் தனி இடம் உண்டு.

மரக்கட்டை போல் இருக்கும் இந்தக் கருவாடு எந்த மீன்? அதை எப்படிப் பிடிக்கிறார்கள்? இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால், கடற்கரை ஊர்களில் நெடுநாளாக நடந்து வரும் ஒரு வழக்குக்கு இதில் விடை இருக்கிறது. பழைய தூண்டில் நல்லதா, புதிய வலை நல்லதா என்பதே அந்த வழக்கு.

மாசி என்பது சூரை மீன். தலையையும் குடலையும் நீக்கி, மீனை நீளவாக்கில் பிளக்கிறார்கள். உப்பு நீரில் வேக வைக்கிறார்கள். பிறகு புகை போட்டு, வெயிலில் காய வைக்கிறார்கள். பனிக்கட்டி இல்லாமலே மாதக்கணக்கில் கெடாது. 1343-ம் ஆண்டில் மாலத்தீவுக்குப் போனார் இபன் பதூதா என்ற யாத்திரீகர். இந்த மீன் அங்கிருந்து இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமன் நாட்டுக்கும் போவதை அவர் எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவு பழைய வியாபாரம் இது!

மாலத்தீவில் சூரையைக் கோலும் தூண்டிலும் கொண்டுதான் பிடிக்கிறார்கள். அதற்கு வடக்கே இருக்கும் மினிக்காய்த் தீவிலும் இதே வழக்கம்தான். மினிக்காய் நம் நாட்டு லட்சத்தீவுகளில் ஒன்று.

முள்ளில் உள்ள சூட்சுமம்

சாதாரணத் தூண்டில் முள்ளைப் பாருங்கள். நுனிக்குச் சற்று உள்ளே ஒரு சிறு கூர் பின்னோக்கி நிற்கும். கடித்த மீன் கழன்று ஓடாமல் அது பிடித்துக்கொள்ளும். சூரைத் தூண்டிலில் அந்தக் கூர் கிடையாது. வெறும் வளைந்த முள். அதைப் பளபளப்பாகச் செய்திருப்பார்கள். தண்ணீருக்குள் அது சின்ன மீன் போல மின்னும்.

ஜப்பானில் கோச்சி என்று ஒரு மாவட்டம் உண்டு. நம் கொச்சி வேறு, இது வேறு. அந்த ஊர் மீனவர்களும் இதே சூரையைக் கோல் போட்டுப் பிடிக்கிறார்கள். கொம்பில் செதுக்கிய சிறு துண்டில் முள்ளைப் பொருத்தி, அதைச் சுற்றிப் பறவை இறகைக் கையால் கட்டுவது அங்கே பழைய வழக்கம். நீரில் அந்த இறகு அசையும்போது குஞ்சு மீன் நீந்துவது போலவே இருக்கும்.

பின் கூர் இல்லாவிட்டால் மீன் தப்பி விடாதா என்று கேட்கலாம். பிடிக்கும் விதத்தைப் பார்த்தால் சந்தேகம் தீரும். முதலில் உயிருள்ள சிறு மீன்களைக் கடலில் வீசுகிறார்கள். படகிலிருந்து தண்ணீரைத் தெளிக்கிறார்கள். சிறு மீன் கூட்டம் துள்ளுவது போல் கடல் தெரிகிறது. சூரைகள் வெறி கொண்டு மேலே வருகின்றன. எதைக் கண்டாலும் கடிக்கின்றன. வெறும் முள்ளையும் கடிக்கின்றன.

கடித்த உடனே மீனவர் கோலைச் சுண்டுகிறார். மீன் அவர் தலைக்கு மேலே பறந்து வருகிறது. அந்த நேரத்தில் நரம்பு தளர்கிறது. முள் தானாகக் கழல்கிறது. மீன் படகில் விழுகிறது. முள் மறுபடி கடலுக்குப் போகிறது. எல்லாம் சில விநாடிகள்! பின் கூர் இருந்தால் ஒவ்வொரு மீனின் வாயிலும் கை விட்டு முள்ளைப் பிடுங்க வேண்டும். அதற்குள் கூட்டம் கலைந்து போய்விடும். பார்த்தால் குறை போலத் தோன்றுவது, வேலையில் இறங்கினால் பலமாக இருக்கிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு கோலுக்கு ஒரு மீன். வேண்டாத மீன் வந்தால் அப்போதே திரும்ப விடலாம். ஆமையும் சுறாவும் இதில் சிக்குவது மிக மிக அரிது.

வலை என்ன செய்கிறது?

உலகச் சந்தைக்குப் போகும் சூரையில் பெரும் பகுதி கோலில் பிடித்தது அல்ல. பெரிய கப்பல்கள் சுருக்குமடி போட்டு வாரி எடுத்தது. நடுக்கடலில் மிதவைகளை விட்டு வைக்கிறார்கள். மிதவையின் நிழலில் மீன்கள் கூடுகின்றன. கூட்டம் முழுவதையும் வலையால் வளைத்து, அடியைச் சுருக்கித் தூக்கிவிடுகிறார்கள். வளர்ந்த சூரையோடு, இன்னும் முட்டையிடாத மஞ்சள் துடுப்புச் சூரைக் குஞ்சுகளும் வருகின்றன. சுறாவும் சில வேளை ஆமையும் வருகின்றன. கை பார்த்துப் பொறுக்கும். வலைக்குக் கண் இருந்தும் பார்வை இல்லை!

நம் ஊரிலும் சுருக்குமடிச் சண்டை உண்டு. கிராமத்துக்குக் கிராமம் பேச்சு அறுந்து போனதும் உண்டு. தமிழ்நாட்டில் இதற்குத் தடை இருக்கிறது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2023-ம் ஆண்டு ஜனவரியில், கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் 2 நாள் மட்டும் பிடிக்கலாம் என்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது.

சுருக்குமடிக்காரரை நாம் பகைக்கவில்லை. அவரும் கடன் வாங்கித் தொழில் செய்கிறவர். அவர் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும். ஆனால் இன்றைக்கு உலை கொதித்தால் போதுமா? அவர் பிள்ளை கடலுக்குப் போகும் காலத்தில் அங்கே மீன் இருக்க வேண்டாமா?

எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள்?

பழையது எல்லாம் நல்லது, புதியது எல்லாம் கெட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. மாலத்தீவாரும் அப்படி இருக்கவில்லை. 1974-ம் ஆண்டு முதல் தங்கள் பாய்மரத் தோணிகளுக்கு எஞ்சின் வைத்தார்கள். மூங்கில் கோல் போய் நார்க் கண்ணாடிக் கோல் வந்தது. கையால் தண்ணீர் தெளித்த இடத்தில் பம்பு வந்தது. அரசாங்கமே கடலில் நங்கூரமிட்ட மிதவைகளைப் போட்டுக் கொடுத்தது.

ஆனால் ஒன்றை மட்டும் உள்ளே விடவில்லை. சூரை பிடிக்க வலை கூடாது என்று சட்டம் செய்தார்கள். எஞ்சின் மீனவரைச் சீக்கிரம் கொண்டு சேர்த்தது. மீனைப் பிடிப்பது அவர் கையாகவே இருந்தது. கடல் வளம் கெடாமல் பிடிக்கும் மீன் என்ற சர்வதேசச் சான்று 2012-ம் ஆண்டில் அவர்கள் சூரைக்குக் கிடைத்தது.

இந்த முறையில் கஷ்டமும் உண்டு. உயிர் இரை வேண்டும். அதைப் பவளப் பாறைகளின் அருகே பிடித்து, படகில் சாகாமல் காக்க வேண்டும். இரை கிடைக்காத நாளில் தொழில் இல்லை. ஆள் பலமும் நிறைய வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய கஷ்டம் விலை. ஒவ்வொன்றாகப் பிடித்த மீனும், கூட்டமாக வாரிய மீனும் ஒரே சந்தையில் போய் நிற்கின்றன. மலிவாக வாரியவர் விலையே எல்லாருக்கும் விலை ஆகிறது. கோல் பிடித்தவருக்குக் கூலி கட்டாவிட்டால், அவர் மகன் கோலைத் தொடுவானா? கை மறந்த தொழிலை எந்தச் சட்டமும் திரும்பக் கொண்டு வராது.

நம் பங்கு என்ன?

நம் கரையிலும் தூண்டில் மீனுக்குத் தனி மதிப்பு உண்டு. வலையில் நெரிபடாத மீன், ருசி கெடாத மீன் என்று அறிந்தவர்கள் தேடி வாங்குகிறார்கள். அந்த மதிப்பு விலையிலும் தெரிய வேண்டும். தூண்டில்காரர் மீனை ஏலத்தில் தனியாக வைக்க ஏற்பாடு வேண்டும். ஐஸும் கடனும் அவருக்கும் சுலபமாகக் கிடைக்க வேண்டும். இதைச் செய்ய வேண்டியது அரசாங்கமும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும்.

மற்றது வாங்குகிற நம் கையில் இருக்கிறது. மீன்காரம்மாவிடம் "என்ன விலை?" என்று கேட்கிறோம். "நேற்றுப் பிடித்ததா, இன்றையதா?" என்று செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். அதோடு "தூண்டிலா, வலையா?" என்றும் ஒரு வார்த்தை கேட்போம். தூண்டில் மீன் என்றால் நாலு காசு கூடக் கொடுப்போம். அந்த நாலு காசு இருந்தால்தான் கோல் பிடிக்கும் கை கோலை விடாமல் இருக்கும்.