நீளமான பொறியா, பேசும் சுடரா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

சென்ற ஆண்டு நம் துறைக் கண்காட்சியில் டெஸ்லா சுருள் ஒன்றை வைத்திருந்தோம். அரங்கில் இருந்த கூட்டமெல்லாம் அதைச் சுற்றியே நின்றது. பிள்ளையார்பாளையத்திலிருந்து என் தந்தையாரும் தறியை நிறுத்திவிட்டு வந்திருந்தார். கல்லூரி ஒன்றின் வாயிலுக்குள் அவர் நுழைந்தது அதுவே முதல் முறை. படபடவென வெடித்த பொறியைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது. இது என்னப்பா சொல்லுது?" என்று கேட்டார். "ஒண்ணும் சொல்லாதுப்பா, பொறி பறக்கும், அவ்வளவுதான்" என்றேன். அந்தப் பதில் இன்றுவரை என் மனத்தை உறுத்துகிறது.

இவ்வாண்டு புதிய சுருள் ஒன்று செய்ய எண்ணியிருக்கிறோம். கையிலுள்ள பணத்தில் ஒன்றுதான் முடியும். நண்பர்களில் பலர், முழ நீளப் பொறி விட்டுத் திரைப்பாடல் மெட்டை இசைக்கும் சுருளே வேண்டும் என்கின்றனர். விரற்கடைச் சுடரானாலும் மனிதக் குரலைத் தரும் சுருளே வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

நண்பர்கள் விரும்புவது இடைவிட்டு இயக்கும் முறை. டிரான்சிஸ்டர்களைக் கொண்டு சுருளை நொடிக்கு 440 தடவை, ஒவ்வொரு தடவையும் மிகச் சிறிது நேரம் மட்டும், இயக்கினால் 440 ஹெர்ட்ஸ் சுரம் கேட்கும். தடவைகளை மாற்றினால் சுரம் மாறும். பொறியும் நீளும், ஓசையும் பெரிதாக இருக்கும். ஆனால் அதில் கிடைப்பது சுரத்தின் உயரம் மட்டுமே. நாகசுரத்தின் கமகத்தைக் கூட ஒருவாறு காட்டிவிடலாம். சீவாளியின் நாதம் வராது. 'அம்மா' என்று சொன்னால் அது 'அம்மா' என்று கேட்காது.

குரலுக்கு அறாத அலை வேண்டும். இதை உலகம் கற்றுக்கொண்ட விதம் சுவையானது. டெஸ்லா தம் சுருளை அமைத்தது 1891இல். 1900 டிசம்பரில் ஃபெசன்டன் அமெரிக்காவில் பொறியால் எழுப்பிய அலையிலேயே பேச்சை ஏற்றி ஒரு மைல் தொலைவுக்கு அனுப்பினார். பேச்சு புரிந்தது, கூடவே பொறியின் இரைச்சலும் சென்றது. ஆகவே அவர் தொடர் அலையை நாடினார். நம் சென்னையில் 1924 ஜூலை 31 அன்று சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பத் தொடங்கியபோது, குரலைச் சுமந்து சென்றதும் அத்தகைய ஊர்தி அலையே. பாவு எவ்வளவு நீளமானாலும் ஊடை ஓடாமல் சேலையாகாது என்பதை நம் ஊரில் விளக்க வேண்டியதில்லை.

நான் சொல்லும் சுருள் 4 மெகாஹெர்ட்ஸில் தொடர்ந்து இயங்கும். 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு சுழற்சிக்குள் ஊர்தி அலை 4000 சுழற்சிகளை முடித்துவிடும். ஒலிக்கேற்ப வீச்சு ஏறி இறங்கினால் சுடரின் வெப்பமும் ஏறி இறங்கும், சுற்றியுள்ள காற்று விரிந்து சுருங்கும், அதுவே ஒலி. 1950களில் அயனோஃபோன் என்னும் ஒலிபெருக்கி இப்படித்தான் பாடிற்று.

வீச்சை மாற்றும் வழிகள் சில உண்டு. அதிர்வெண்ணை ஒத்ததிர்வுப் புள்ளியிலிருந்து சற்றே விலக்கினாலும் வீச்சு மாறும். ஆனால் ஒத்ததிர்வு வளைவு நேர்கோடன்று, ஒலி சிதையும். டிரான்சிஸ்டரின் கேட் மின்னழுத்தத்தை மாற்றினால் டிரான்சிஸ்டர் அளவுக்கு மீறிச் சூடேறும். வகை-இ பெருக்கியின் வழங்கு மின்னழுத்தத்தையே ஒலிக்கேற்ப மாற்றுவது சிறந்தது. வெளியீட்டு வீச்சு அதற்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் அமையும். இதற்கு விலையும் உண்டு. 100 வாட் ஊர்தி அலையை முழுமையாகப் பண்பேற்ற 50 வாட் ஒலித்திறன் வேண்டும். உச்ச நொடியில் திறன் நான்கு மடங்காகி 400 வாட்டைத் தொடும். அந்த உச்சத்தைத் தாங்கும் டிரான்சிஸ்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எதிர்வாதத்தை நான் மறைக்கவில்லை. சிறு சுடரில் தாழ்ந்த ஒலி எழாது. நாகசுரம் கேட்கும், தவில் கேட்காது. பின்வரிசையில் நிற்பவருக்குச் சுடர் தெரியாது. சுடர் வளரும்போது மின்தேக்குதிறன் மாறி ஒத்ததிர்வும் நழுவும். திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருக்கும். ஆனால் இடைவிட்டு இயக்கும் பலகை ஆயத்தமாகவே கடையில் கிடைக்கிறது. வாங்கிப் பொருத்தினால் வேலை முடிந்தது. நாம் கற்பது என்ன? இதிலோ, புத்தகத்தில் மனப்பாடம் செய்த பண்பேற்ற ஆழத்தை சி.ஆர்.ஓ. திரையில் நாமே அளந்து பார்ப்போம்.

ஒன்றை வலியுறுத்த வேண்டும். எச்சுருளாயினும் விளையாட்டுப் பொருளன்று. உயர் அதிர்வெண் மின்னோட்டம் அதிர்ச்சி தெரியாமலே சதையைச் சுட்டுவிடும். ஓசோன் உண்டாகும், காற்றோட்டம் தேவை. வானொலிக்கு இடையூறு நேராதபடி தரையிணைப்புள்ள கம்பிவலைக் கூண்டுக்குள் இயக்க வேண்டும். இதயமுடுக்கி பொருத்தியவர்களை அருகில் விடலாகாது. ஆசிரியர் உடனிருக்கவும் வேண்டும்.

பேராசிரியப் பெருமக்களும் நண்பர்களும் என் கோரிக்கையைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். அடுத்த கண்காட்சிக்கும் அப்பா வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்து, "நீங்களே பேசுங்கப்பா, அது சொல்லும்" என்று சொல்ல எனக்கு ஆசை.